ஏரிக்குக் கிடைத்த மானியத்தை எதில் செலவிடுவது: அடியிலுள்ள சேற்றிலா, வந்து சேரும் நீரிலா, சுற்றியுள்ள நிலத்திலா?

ஏரிப் பாதுகாப்புக்கு நிதி வழங்குவது அரசுத் துறையானாலும் அறக்கட்டளையானாலும், விண்ணப்பத்தில் கேட்கப்படும் முதன்மையான கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதற்கு ஓர் ஏரிச் சங்கமோ உள்ளாட்சி அமைப்போ எழுதிக் கொடுக்கும் விடை, அந்த ஏரியின் அடுத்த இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பெரிய மானியம் அடிக்கடி வருவதில்லை. ஒருமுறை வாங்கிச் செலவழித்த பிறகும் தண்ணீர் பச்சையாகவே கிடந்தால், மறுபடி கேட்கப் போகும்போது நிதி தருபவர்களுக்கு நம்பிக்கை இருக்காது. கரையோர மக்களுக்கும் ஊக்கம் இருக்காது. ஆகவே, கையில் ஒரே ஒரு மானியம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதைச் செலவிடக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஏரி, உலகெங்கும் ஏரிகளை அதிகம் பாதிக்கும் சிக்கலில் இருப்பது. கழிவுநீரும் உரம் கரைந்த மழைநீரும் வந்து சேர்ந்து, பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் செத்து மிதக்கும் ஏரி அது. இந்தச் சிக்கலின் மையத்தில் இருப்பது பாஸ்பரஸ். 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், 226 என்ற எண்ணால் குறிக்கப்படும் சிறு ஏரியின் குறுகலான நடுப்பகுதியில் திரையிட்டு, ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் நீலப்பச்சைப் பாசியால் மூடப்பட்டது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக்கூட விளக்கம் தேவையில்லாமல் புரிந்தது. ஒரு கிலோ பாஸ்பரஸ், ஈர எடையில் 500 கிலோ வரை பாசியை வளர்க்கக்கூடியது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஒப்பீட்டின் அளவுகோல் தெளிவாகிவிடும்: செலவழிக்கும் தொகை எவ்வளவு பாஸ்பரஸை, எத்தனை ஆண்டுகளுக்கு, பாசிக்கு எட்டாமல் வைக்கிறது?

முதல் வழி, பணத்தின் ஒரு பகுதியை ஆய்வுக்கே செலவிடுவது. இதைப் பலரும் வீண் செலவாக நினைக்கிறார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் சாக்கடை வாய்க்கால் இருக்கும்போது ஆய்வு எதற்கு என்று கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வாய்க்கால்தான் அதிகம் கொண்டுவருகிறது என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஓராண்டில் ஏரிக்கு வந்து சேரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு, சில பெருமழைகளின்போது, சில மணி நேரத்தில் வந்துவிடக்கூடும். மாதத்துக்கு ஒருமுறை, வசதியான நாளில், வெயிலில் போய் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் திட்டம் இந்தப் பங்கை முழுவதுமாகத் தவறவிடும். வேண்டியது இதுதான்: ஒவ்வொரு வரத்து வாய்க்காலும் ஏரியில் சேரும் இடத்தில் நீர்மட்ட அளவுகோல் ஒன்றை நட்டு, மழை தொடங்கியதும் ஆள் போய், நீர்மட்டம் ஏறும்போது ஒரு மாதிரி, உச்சத்தில் ஒரு மாதிரி, வடியும்போது ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஏறும்போது எடுத்த போத்தல் சேறாகக் கலங்கியிருக்கும். வடியும்போது எடுத்தது தெளிந்து வரும். இரண்டிலும் பாஸ்பரஸ் அளவு வேறு வேறாக இருக்கும். ஓடிய நீரின் அளவோடு பெருக்கிப் பார்த்தால்தான் எந்த வாய்க்கால் எத்தனை கிலோ கொண்டுவந்தது என்பது தெரியும். அதோடு, மொத்த பாஸ்பரஸையும் கரைந்த பாஸ்பரஸையும் தனித்தனியே அளக்கச் சொல்ல வேண்டும். இதன் தேவை பின்னால் விளங்கும்.

அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் 314-ஆம் பிரிவின்கீழ் நடந்த ஏரித் திட்டம், மானியத்தையே படிப்படியாகத் தந்தது: முதலில் நோயறியும் ஆய்வு, பிறகு சீரமைப்பு, அதன் பிறகு பின்கண்காணிப்பு. ஆய்வில் தேறாத யோசனைக்கு அடுத்த கட்டப் பணம் இல்லை. 1990-களின் நடுவிலிருந்து அந்தத் திட்டத்துக்குத் தனி நிதி ஒதுக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது, ஏனென்றால் அந்த வரிசை மிகச் சரியானது. நிதி தருபவர்கள் அப்படிப் பிரித்துத் தராவிட்டாலும், வாங்குபவர்கள் அப்படிப் பிரித்துக் கேட்கலாம்.

இரண்டாவது வழி தூர்வாருதல். ஏரி மானியம் என்றதுமே முதலில் நினைவுக்கு வருவது இதுதான், அதற்குக் காரணமும் உண்டு. இயந்திரம் இறங்குகிறது, சேறு வெளியேறுகிறது, ஆழம் கூடுகிறது. செலவுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எவரும் நேரில் பார்க்கலாம். ஒரு நிதியாண்டுக்குள் முடித்துக் கணக்கு ஒப்படைக்கவும் இது ஏற்றது. கொள்ளளவை மீட்பதுதான் நோக்கம் என்றால் இதற்கு மாற்றும் கிடையாது. தண்ணீரின் தரத்தை மீட்பது நோக்கமாக இருக்கும்போதுதான் கவனமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்வீடனின் வெக்க்ஷோ நகரிலுள்ள ட்ரும்மென் ஏரி இதற்குச் சிறந்த பாடம். நகரக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் பல ஆண்டுகள் அதில் கலந்தன. 1950-களின் பிற்பகுதியில் கழிவுநீர் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டது. ஆனாலும் ஏரி பத்தாண்டுக்கு மேல் பச்சையாகவே இருந்தது. அடியில் படிந்திருந்த கருஞ்சேற்றிலிருந்து பாஸ்பரஸ் ஒவ்வோர் ஆண்டும் மேலே வந்துகொண்டிருந்ததே காரணம். லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் தலைமையில், 1970-இலும் 1971-இலும், முறைக்கு அரை மீட்டராக மொத்தம் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். சேற்றோடு வந்த நீரைக் குளங்களில் தேக்கி, படிகாரம் சேர்த்து பாஸ்பரஸைப் பிரித்த பிறகே ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி தெளிந்தது. தூர்வாருதல் வெற்றி பெற்றதற்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்பவர்கள், கழிவுநீர் நின்று பல ஆண்டுகள் கழித்தே அங்கே தூர்வாரினார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வரத்து அசுத்தமாகவே இருக்கும் ஏரியில் இதே வேலையைச் செய்தால், புதுச் சேறு படிய எடுக்கும் காலம் வரைதான் பலன்.

எவ்வளவு ஆழம் வாருவது என்பதை ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிடக் கூடாது. ஒளி ஊடுருவும் குழாயை அடிமண்ணில் செங்குத்தாக இறக்கி எடுத்தால், அடுக்குகள் வரிசையாகத் தெரியும்: மேலே கருத்துக் குழகுழவென்று அழுகிய முட்டை நாற்றத்தோடு இருப்பது அண்மைக் காலத்துச் சேறு, கீழே போகப் போக இறுகி, நிறம் வெளுத்து, நாற்றம் குறைந்து வருவது பழைய மண். அதைச் சில சென்டிமீட்டர் கனத் துண்டுகளாக அறுத்து ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸையும், கூடவே கன உலோகங்களையும் அளக்க வேண்டும். உலோகம் அதிகமிருந்தால் அந்தச் சேற்றை வயலில் போட முடியாது. பாதுகாப்பாகக் கொட்ட இடம் தேட வேண்டும். பல திட்டங்களில் தோண்டும் செலவைவிடக் கொட்டும் செலவே நிதியைத் தின்றுவிடுகிறது. தேவைக்கு மேல் தோண்டினால், நீர் கசியாமல் காத்துவந்த களிமண் அடுக்கு கிழிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது வழி, சேற்றை எடுக்காமல் அதிலுள்ள பாஸ்பரஸைக் கட்டிப்போடுவது. அலுமினியம் சல்பேட்டை நீரில் தூவினால், அது வெண்பஞ்சு போலத் திரண்டு மெல்ல இறங்கி, வழியில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. ஆக்சிஜன் தீர்ந்தாலும் இந்தப் பிணைப்பு எளிதில் விடுவதில்லை. அடிச்சேற்றில் பாஸ்பரஸுக்கு இரும்போடு இயற்கையாக இருக்கும் பிணைப்போ அப்போது விட்டுவிடும். தூர்வாருவதோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவும் மிகக் குறைவு, கொட்ட இடமும் தேவையில்லை. எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பது ஏரியின் ஆழத்தைப் பொறுத்தது. 114 ஏரிகளின் அனுபவத்தைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், வெப்ப அடுக்குகள் உருவாகும் ஆழமான ஏரிகளில் பலன் சராசரியாக 21 ஆண்டுகளும், காற்றால் அடிக்கடி கலங்கும் ஆழமற்ற ஏரிகளில் 5.7 ஆண்டுகளும் நீடித்தது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் ஏரி எந்த வகை என்பதை இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் பாதி முடிவு கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை அவசியம்: அமிலத்தைச் சமன்செய்யும் திறன் குறைந்த நீரில் இதைத் தூவினால் பிஎச் 6-க்குக் கீழே இறங்கி, அலுமினியம் மீன்களுக்கு நஞ்சாகும். ஆகவே நீரின் காரத்தன்மையை அளந்து, தேவையானால் சோடியம் அலுமினேட்டையும் கலந்து, தேர்ந்தவர்களே இதைச் செய்ய வேண்டும்.

காற்றூட்டும் கருவிகளையும் நீரூற்றுகளையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன்கள் சாவதை அவை தடுக்கலாம். மின்சாரம் நின்ற நாளில் பலனும் நின்றுவிடும்; வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸை அவை ஒரு கிலோகூடக் குறைப்பதில்லை.

நான்காவது வழி, வரும் நீரைச் சீர்செய்வது. என் பரிந்துரை பெரும்பாலான ஏரிகளுக்கு இதுவே. அதற்கு உலகம் அறிந்த சான்று சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறிய நீர் அதில்தான் கலந்தது. 1955-இல் அங்கே ஒருவகை நீலப்பச்சைப் பாசி தென்பட்டதைப் பார்த்து, இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏரி ஆய்வாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் முன்கூட்டியே சொன்னார். 1958-இல் மக்கள் வாக்களித்து ஒரு பொது அமைப்பை உருவாக்கி, அதற்கான செலவையும் தாங்களே ஏற்றார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக முழுவதும் திருப்பிவிடப்பட்டது. தொடங்கியபோது, தெளிவை அளக்க நீருக்குள் இறக்கிய வெண்தட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் மூன்று மீட்டர் வரை தெரிந்தது. ஏரிக்குள் எவரும் எதையும் தோண்டவில்லை, தூவவில்லை. ஏரி ஆழமானது, நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுவது ஆகிய இரண்டும் துணை நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

குழாய் வழியாக வரும் கழிவுநீரைத் தடுப்பது பொறியியல் வேலை. பரந்த வயல்களிலிருந்து வருவதைத் தடுப்பது அப்படியல்ல. ஈரி ஏரியின் கதை இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டு, சலவைப் பொருள்களில் பாஸ்பேட் குறைக்கப்பட்டு, ஏரிக்கு வரும் பாஸ்பரஸ் ஆண்டுக்கு 11,000 டன்னைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு எட்டப்பட்டு, 1980-களில் ஏரி மீண்டது. பிறகு பாசி திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரத்தின் குடிநீரில் பாசி நஞ்சு கலந்ததால், ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இம்முறை காரணம், மவ்மீ ஆற்றின் வழியே விளைநிலங்களிலிருந்து கரைந்து வந்த பாஸ்பரஸ். மண் அரிப்பைத் தடுக்க உழவைக் குறைத்ததால் மண்ணோடு வரும் பாஸ்பரஸ் குறைந்தது. மேலாகத் தூவிய உரமோ மேல்மண்ணிலேயே தங்கி, மழையில் கரைந்து, நிலத்தடி வடிகுழாய்கள் வழியாகவும் ஓடியது ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. மொத்தத்தையும் கரைந்ததையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான். மண்ணைத் தடுக்கும் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு, கரைந்து வருவதை விட்டுவிடும் திட்டம், தாளில் வெற்றி பெற்றும் ஏரியில் தோற்கும்.

வயல்களில் மானியத்தை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொடுப்பது நியாயமாகத் தோன்றும். ஏரியைக் காப்பதற்கு அது உதவாது. ஆய்வு காட்டும் ஒன்றிரண்டு துணை நீர்ப்பிடிப்புகளில், அதாவது ஒரு வாய்க்காலுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்புகளில், குவித்துச் செலவிட வேண்டும். மண் பரிசோதனைக்கு ஏற்ப உரமிடுதல், உரத்தை மண்ணுக்குள் இடுதல், ஓடையோரம் நிரந்தரப் பசும்பட்டை, அரித்தோடும் ஓடைகளில் தடுப்புகள் ஆகியவற்றுக்கு விவசாயிக்கு நேரடியாகப் பணம் தர வேண்டும். விளைச்சல் குறைந்தால் யார் ஈடுகட்டுவது என்பதை முதலிலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் முதல் பருவத்தோடு விலகிப் போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஐந்தாவது வழி, நிலத்தையே வாங்கி ஏரிக்குத் திருப்பித் தருவது. ஒருமுறை செலவு, என்றைக்குமான பலன் என்ற வகையில் மானியத்துக்கு மிகவும் பொருந்துவது இதுவே. விற்க மனமுள்ளவர்கள் இருந்தால் மட்டும். நியூயார்க் நகரம் 1997-இல், தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி மக்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, விரும்பி விற்பவர்களிடம் மட்டும் நிலம் வாங்கியும் பண்ணைகளுக்கு உதவியும், பல நூறு கோடி டாலர் மதிப்பிலான வடிகட்டும் நிலையத்தைக் கட்டாமல் தவிர்த்தது. ஆனால் வாங்கிய நிலத்தை அவசரப்பட்டு நீரில் மூழ்கடிக்கக் கூடாது. ஃப்ளோரிடாவின் அபோப்கா ஏரியின் வடகரையில், பழைய சதுப்பை வறளச் செய்து உருவாக்கிய பண்ணைகளை, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு வாங்கியது. பாஸ்பரஸின் மூலத்தையே அகற்றிய நல்ல முடிவு அது. 1998-இல் வயல்களில் நீரை விட்டபோது, மண்ணில் தங்கியிருந்த பழைய பூச்சிக்கொல்லிகள் மீன்கள் வழியாகப் பறவைகளுக்கு ஏறி, அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகள் இறந்தன. நிலம் வாங்கும் மானியத்தில் மண் பரிசோதனைச் செலவு தனித் தலைப்பாக இருந்தாக வேண்டும்.

இந்த வழிகளை ஒப்பிடும்போது, மானியம் எந்த வடிவில் வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல திட்டங்கள் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பெரும்பாலான நிதிகள் பங்குத்தொகை கேட்கின்றன. அமெரிக்காவில், வயல்கள் போன்ற பரந்த இடங்களிலிருந்து வரும் மாசுக்காக அதே தூய நீர்ச் சட்டத்தின் 319-ஆம் பிரிவின்கீழ் நிதி பெறும் திட்டச் செலவில் 40 விழுக்காடு, மத்திய அரசு அல்லாத மூலங்களிலிருந்து வர வேண்டும். இந்தியாவில் 2013-இல் ஏரிகளுக்கும் ஈரநிலங்களுக்குமான திட்டங்களை ஒன்றாக்கி உருவான தேசியத் திட்டத்தில் பொதுவாக மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீடு இருக்கிறது. தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தைப் பங்காகக் கணக்கிட அனுமதிக்கும் நிதிகளும் உண்டு. அப்படியானால் மழைநேர மாதிரி எடுப்பதும் கரையில் மரம் நடுவதும் வெறும் சேவையாக நில்லாமல் பங்குத்தொகையாகவும் ஆகும். அதற்கு வருகைப் பதிவேடு தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக இருக்க வேண்டும். செலவழித்த பிறகே திருப்பித் தரும் நிதியானால், இடைக்காலத்தில் கைக்காசு இல்லாத சிறு சங்கம் தூர்வாரும் ஒப்பந்தத்தில் இறங்கவே கூடாது. அது உள்ளாட்சி அமைப்பு பொறுப்பேற்க வேண்டிய வேலை.

மற்றொன்று பராமரிப்பு. மானியம் கட்டுவதற்குப் பணம் தரும். கட்டியதைப் பேணுவதற்குப் பொதுவாகத் தருவதில்லை. வண்டல் தேக்கும் தொட்டியை ஆண்டுதோறும் வழிக்காவிட்டால், அது நிரம்பி அடுத்த பெருமழையில் எல்லாவற்றையும் ஏரிக்குள் தள்ளிவிடும். வரும் நீரை வடிகட்ட அமைத்த செயற்கைச் சதுப்பில் வளரும் நாணலைக் காலத்தில் அறுத்து அகற்றாவிட்டால், அது மடிந்து, எடுத்த சத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். பேணுவதற்கு ஆளும் பணமும் இல்லாத இடத்தில், பேணத் தேவை குறைந்த வழிகளான நிலம் வாங்குவதும் கழிவுநீரைத் திருப்புவதும் மதிப்பில் உயர்ந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் வைத்து நான் முடிவெடுப்பது இப்படி. ஏரிக்குள் இன்னும் கழிவுநீர்க் குழாயோ சாக்கடையோ விழுகிறது என்றால், மற்ற எல்லா யோசனைகளையும் ஒத்திவைத்துவிட்டு அதைத் திருப்பவோ சுத்திகரிக்கவோ பணத்தைப் போட வேண்டும். தொகை போதாது என்றால், முழு வடிவமைப்பையும் மதிப்பீட்டையும் அந்தத் தொகையில் முடித்து, பெரிய நிதிக்கோ கடனுக்கோ உடனே விண்ணப்பிக்கத் தயாராக இருக்கலாம். அதே தொகையில் ஒரு மூலையைத் தூர்வாருவதைவிட இது பல மடங்கு மேல். வயல்களிலிருந்துதான் பெரும்பங்கு வருகிறது என்றால், மழைக்கால அளவீட்டுக்கு ஓராண்டு, பிறகு தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு துணை நீர்ப்பிடிப்புகளில் வேலை, கரையோர நிலம் விற்பனைக்கு வந்தால் வாங்குவது. வரத்து ஏற்கனவே சுத்தமாகிவிட்டது, ஆனாலும் ஏரி தெளியவில்லை என்ற நிலையில் மட்டுமே அடிச்சேற்றுக்குச் செல்ல வேண்டும். அப்போது ஏரி ஆழமானதென்றால் அலுமினியம், ஆழமற்றதாக, தூர்ந்து, கொள்ளளவும் குறைந்ததென்றால் தூர்வாருதல். ஆபத்தான பாசி நஞ்சு குடிநீரில் கலக்கிறது என்பது ஒன்றுதான் இந்த வரிசையை மாற்ற நியாயமான காரணம். மக்கள் குடிக்கும் ஏரியில் அலுமினியத்தைத் தற்காலிகப் பாதுகாப்பாக முன்னதாகவே பயன்படுத்தலாம், தற்காலிகம் என்று தெரிந்தே.

விண்ணப்பத்தில் வாக்குறுதி எழுதும் பகுதியில் மிகுந்த நேர்மை வேண்டும். வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸ் குறைக்கப்பட்ட 35 ஏரிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான தொகுப்பாய்வு, அடிச்சேற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ் ஓய்ந்து ஏரி புதிய நிலையை அடைய பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆனதைக் காட்டியது. மூன்றாண்டு மானியத்துக்கு மூன்றாண்டில் தெளிந்த நீரை வாக்களித்தால், சரியான வேலையைச் செய்த சங்கமே தோற்றதாகக் கணக்கெழுதப்படும். ஆகவே முதல் மூன்றாண்டுகளுக்கான இலக்கை, வாய்க்கால் முகத்தில் அளந்த பாஸ்பரஸ் எத்தனை கிலோ குறைந்தது என்பதாக எழுதுங்கள். நீரின் தெளிவையும் ஆழமான இடத்து ஆக்சிஜனையும் பத்தாண்டு இலக்காக வையுங்கள். மானியம் முடிந்த பிறகும் அந்த வாய்க்கால் முகங்களில் மாதிரி எடுப்பதை எந்த அமைப்பு, எந்தக் கணக்கிலிருந்து தொடரும் என்பதையும், அந்த அமைப்பின் பொறுப்பாளர் கையெழுத்தோடு அதே விண்ணப்பத்தில் இணைத்துவிடுங்கள்.